சண்டையே போடாத போர்க்கப்பல்



சில மாதங்களுக்கு முன்பு, பழைய நாட்காட்டி ஒன்றிலிருந்து கத்தரித்து எடுத்த ஒரு கப்பல் படத்தை எங்கள் தோட்டப் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு வகுப்பறைச் சுவரில் ஒட்டி வைத்தேன். கன்னங்கரேலென்ற நீண்ட உடல். வானத்தைத் தொடுவதுபோல் மூன்று பாய்மரங்கள். அவற்றுக்கு நடுவே இரண்டு புகைபோக்கிகள். பிள்ளைகள் விடுவார்களா? சூழ்ந்துகொண்டார்கள்.

"சார், இது பாய்க்கப்பலா, புகைக்கப்பலா?" என்றாள் ஒரு பெண்.

"இரண்டும்தான். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் நீராவி" என்றேன்.

"எத்தனை சண்டையில ஜெயிச்சது, சார்?" என்று கேட்டான் ஒரு பையன்.

"ஒன்றிலும் இல்லையப்பா. இது சண்டையே போட்டதில்லை."

வகுப்பு முழுவதும் சிரித்துவிட்டது. "அப்புறம் இது என்ன சார் போர்க்கப்பல்?" என்று அவன் கேட்கவும், மணி அடிக்கவும் சரியாக இருந்தது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். அந்தச் சிரிப்பு மட்டும் எனக்கு ஒப்பவில்லை. அன்று அந்தப் பையனுக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே உங்களுக்குச் சொல்கிறேன். வீட்டில் பெரியவர்கள் படித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

கப்பலின் பெயர் எச்.எம்.எஸ். வாரியர். தமிழில் சொன்னால் போர்வீரன். இங்கிலாந்தை விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில் கட்டப்பட்டது. நம்முடைய தாத்தா பாட்டிமார்களுக்குக் கப்பல் என்றாலே ரஜூலாதான் நினைவுக்கு வரும்; அந்த ரஜூலா பிறப்பதற்கு 60 ஆண்டுகளுக்கு மேல் முன்பே கடலில் இறங்கிய கப்பல் இது. ரஜூலாவை 1974இல் உடைத்துவிட்டார்கள். வாரியர் இன்றும் இருக்கிறது. எப்படித் தப்பியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

மரக்கப்பலுக்கு வந்த எமன்

அதுவரை உலகத்துப் போர்க்கப்பல்கள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. பீரங்கியிலிருந்து வந்தது கெட்டியான இரும்பு உருண்டை. அது பலகையில் ஓட்டை போடும். தச்சன் ஓடிவந்து அடைப்பான். சண்டை மேலும் நடக்கும். பிறகு, உள்ளே வெடிமருந்து அடைத்த குண்டுகள் வந்தன. 1853ஆம் ஆண்டு நவம்பரில், கருங்கடலோரம் சினோப் என்னும் துறைமுகத்தில் நின்ற துருக்கிய மரக்கப்பல்களை ரஷ்யர்கள் இத்தகைய வெடிகுண்டுகளால் தாக்கினார்கள். கப்பல்கள் அடுப்பில் போட்ட விறகாக எரிந்தன. மரக்கப்பலின் காலம் முடிந்தது என்பது அன்றைக்கே பலருக்குப் புரிந்துவிட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே கிரிமியா போரில், கின்பர்ன் என்னும் கோட்டையைத் தாக்கப் பிரெஞ்சுக்காரர்கள் இரும்புத் தகடு போர்த்திய மிதவைகளைக் கொண்டு வந்தார்கள். கோட்டையிலிருந்து வந்த குண்டுகள் அவற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் அத்தோடு நிற்கவில்லை. 1859ஆம் ஆண்டு நவம்பரில் 'குளோவார்' என்ற பெரிய போர்க்கப்பலைத் தூலோன் துறைமுகத்தில் நீரில் இறக்கினார்கள். உடல் மரம், மேலே இரும்புக் கவசம்.

இங்கிலாந்து கலங்கிப் போயிற்று. கடல்தான் அந்த நாட்டுக்குக் கோட்டைச் சுவர். பக்கத்து வீட்டுக்காரன் அந்தச் சுவரைத் தாண்ட ஏணி செய்துகொண்டிருக்கிறான் என்றால் தூக்கம் வருமா? குளோவார் நீரில் இறங்கும் வரைகூட அவர்கள் காத்திருக்கவில்லை. 1859 மே மாதமே லண்டன் தேம்ஸ் ஆற்றங்கரையில், தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் என்ற கப்பல் பட்டறையில், வாரியரின் அடிமரம் நாட்டப்பட்டது. அடிமரம் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். உண்மையில் அது இரும்பு. பிரெஞ்சுக் கப்பலைப் போல மரத்துக்கு மேல் சட்டை மாட்டாமல், உடல் முழுவதையும் இரும்பாலேயே கட்டினார்கள். வரைபடம் போட்டவர் கடற்படையின் தலைமைக் கப்பல் கட்டுநர் ஐசக் வாட்ஸ்.

நீளம் 420 அடி. நம் பிள்ளைகள் விளையாடும் பந்துத் திடலை விட நீளம்! நெல்சனின் புகழ்பெற்ற விக்டரி கப்பலின் பீரங்கித் தளம் 186 அடிதான். எடை 9,000 டன்னுக்கு மேல். நடுப்பகுதியில் பீரங்கிகள் நிற்கும் 213 அடி நீளத்துக்கு, நாலரை அங்குலக் கனமுள்ள இரும்புத் தகடு. அந்தத் தகட்டுக்குப் பின்னால் 18 அங்குலக் கனத்துக்கு ஒரு மரம் வைத்தார்கள். என்ன மரம் தெரியுமா? தேக்கு! இரும்பின் மேல் விழும் அடியின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள அதற்கு ஈடான மரம் இல்லை. ஆங்கிலேயர் அதை 'டீக்' என்கிறார்கள். நம் தேக்கு, மலையாளத்தார் வாயிலிருந்து போர்த்துகீசியர் வாய்க்குப் போய் அங்கிருந்து அவர்கள் வாய்க்குப் போன சொல்தான் அது. உலகத்தையே மிரட்டிய கப்பலின் நெஞ்சுக்குள் நம் ஊர்ச் சொல் ஒன்று இருந்தது என்பதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.

இந்தக் கவசம் தாங்குமா என்று பார்க்க, அதே இரும்பும் தேக்கும் சேர்த்து ஒரு சுவர் செய்து, 1861 அக்டோபரில் ஷூபரினெஸ் கடற்கரையில் நிறுத்திவைத்துச் சுட்டார்கள். 200 கெஜ தூரத்திலிருந்து பெரிய பெரிய பீரங்கிகளால் சுட்டும் ஒரு குண்டாவது ஊடுருவிப் போகவில்லை.

பனியில் உறைந்த நாள்

கப்பலை நீரில் இறக்கக் குறித்த நாள் 1860 டிசம்பர் 29. இங்கிலாந்தில் 50 ஆண்டுகளாகக் கண்டிராத குளிர். பெரிய மனிதர்கள் வந்துவிட்டார்கள், கூட்டம் கூடிவிட்டது, முட்டுக்கட்டைகளைத் தட்டியும் விட்டார்கள். கப்பல் அசையவில்லை! சறுக்குத் தடத்தோடு சேர்ந்து உறைந்து கிடந்தது. ஆற்றில் இழுவைப் படகுகள் கட்டி இழுத்தன. அதுவும் போதவில்லை. கடைசியில் என்ன செய்தார்கள் என்றால், பட்டறைத் தொழிலாளர்களை மேல்தளத்தில் ஏற்றி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கும், அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கும் கூட்டமாக ஓடச் சொன்னார்கள். சேற்றில் புதைந்த லாரியை நம் ஆட்கள் ஆட்டி ஆட்டி எடுப்பதில்லையா, அதுபோலத்தான். அந்த ஆட்டத்தில் பனி விட்டது. கப்பல் மெல்ல நகர்ந்து தேம்ஸில் இறங்கியது.

ஆன செலவு 377,292 பவுன். திட்டத்தை அடிக்கடி மாற்றியதால் பட்டறை முதலாளிகள் திவாலாகும் நிலைக்கே வந்து, அரசாங்கம் 50,000 பவுன் கூடுதலாகக் கொடுத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. இந்தப் பட்டறையைப் பற்றி இன்னொரு செய்தி, பந்து விளையாட்டுப் பித்துள்ள இளைஞர்களுக்காக: 1895இல் இந்தப் பட்டறைத் தொழிலாளர்கள் ஒரு காற்பந்துக் குழுவைத் தொடங்கினார்கள். 1900இல் அதன் பெயர் மாறியது. அதுதான் இன்றைய வெஸ்ட் ஹாம் யுனைடெட். அந்தக் குழுவின் சின்னத்தில் இரண்டு சுத்தியல்கள் இருப்பது ஏன் என்று இப்போது விளங்குகிறதா? பட்டறை 1912இல் மூடப்பட்டுவிட்டது, குழு இருக்கிறது.

மேலே பாய், கீழே நெருப்பு

கப்பலில் ஏறக்குறைய 700 பேர். சாதாரண மாலுமிகளுக்குத் தனி அறை கிடையாது. பீரங்கித் தளத்தில், இரண்டு பீரங்கிகளுக்கு நடுவே மேலிருந்து தொங்கவிட்ட ஒரு மேசை; அதைச் சுற்றி 18 பேர் வரை. அங்கேயே சாப்பாடு, அங்கேயே தையல், அங்கேயே கடிதம் எழுதுவது, இரவில் அங்கேயே தூளி கட்டித் தூக்கம். போர்ப்பயிற்சிக்குக் கொம்பு ஊதினால் மேசையைச் சுருட்டிவிட்டு அதே இடத்தில் பீரங்கியைத் தள்ள வேண்டும். ஒரே அறை லயத்தில் பெரிய குடும்பம் வளர்ந்த கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடினமான பிஸ்கோத்து, உப்பிட்ட இறைச்சி, தினமும் தண்ணீர் கலந்த ரம் ஒரு அளவு. வேலை வாங்குகிறவன் வேலைக்காரனுக்குச் சாராயம் ஊற்றிச் சமாதானப்படுத்துவது தோட்டத்துக் கள்ளுக்கடையோடு தொடங்கியதல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது.

மேலே இருந்தவர்களுக்காவது காற்று கிடைத்தது. அடித்தளத்தில் 10 கொதிகலன்கள். அவற்றுக்கு 40 நெருப்புவாய்கள். 850 டன் நிலக்கரி ஏற்றலாம். அவ்வளவும் மனிதன் கையால், மண்வெட்டியால் அள்ளி வீச வேண்டியது. நம் ஸ்டோரில் புகைக்கூடத்துக்கு நெருப்புப் போட்டவர்களைக் கேளுங்கள், அந்த வெக்கை எப்படி இருக்கும் என்று சொல்வார்கள். அவர்களாவது வெளியே வந்து மரநிழலில் நிற்கலாம். கப்பலின் அடியில் நிழலும் இல்லை, காற்றும் இல்லை, கடல் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அவர்களுடைய வியர்வையால்தான் அந்தக் கப்பல் மணிக்கு 14 கடல்மைல் வேகத்தில் ஓடியது. அந்தக் காலத்துப் போர்க்கப்பல்களில் அது பெரிய வேகம். பாயும் நீராவியும் சேர்ந்தால் 17 கடல்மைலைத் தாண்டும்.

நீராவி வேண்டாம், பாய் போதும் என்று முடிவு செய்தாலும் வேலை குறையாது. பின்னால் சுழலும் விசிறி நீருக்குள் இருந்தால் கப்பலைப் பின்னுக்கு இழுக்கும். ஆகவே அதை அப்படியே மேலே தூக்கிவிட வேண்டும். அதற்கு 600 பேர் கயிறு பிடித்து இழுத்தார்கள். 600 பேர்! புகைபோக்கிகளையும் கீழே இறக்கிவிடுவார்கள்.

நான்காயிரம் பேர் இருந்தாலும் ஒரு பெயர்தான் சரித்திரத்தில் நிற்கும் என்பார்கள். வாரியரின் முதல் காப்டன் ஆர்தர் காக்ரேன். அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் ஜார்ஜ் டிரையன். இவர் பின்னாளில் பெரிய அட்மிரல் ஆகி, 1893 ஜூன் 22ஆம் நாள் லெபனான் கரைக்கு அப்பால், தாமே கொடுத்த ஒரு தவறான கட்டளையால் தம்முடைய விக்டோரியா கப்பலும் கேம்பர்டவுன் என்ற இன்னொரு கப்பலும் மோதிக்கொள்ள, 358 பேரோடு கடலில் மூழ்கி இறந்தார். அதிகாரி சொன்னால் தவறென்று தெரிந்தாலும் வாய் திறக்காத பழக்கம் செய்த வேலை அது. 2004இல் அந்தக் கப்பலைக் கண்டுபிடித்தபோது, மூக்கு சேற்றில் புதைந்து, வால் மேலே தூக்கி, நட்ட கம்பம் போல் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. பீரங்கி அதிகாரியாக இருந்த இளைஞர் ஜான் ஃபிஷர். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பத்தாண்டுப் பெருமை

1861இல் வேலைக்கு வந்த வாரியரைப் பார்க்க இங்கிலாந்தே ஓடி வந்தது. 1863இல் அது மற்றக் கப்பல்களோடு நாட்டைச் சுற்றி 12 வாரம் பயணம் போனபோது, துறைமுகம் துறைமுகமாக மக்கள் படகில் வந்து ஏறிப் பார்த்தார்கள். மொத்தம் சுமார் மூன்று லட்சம் பேர் என்று கணக்கு. அதே ஆண்டு மார்ச்சில், இளவரசரை மணக்க டென்மார்க்கிலிருந்து அலெக்ஸாண்ட்ரா இளவரசி வந்தபோது துணைக்குப் போனதும் வாரியர்தான். இளவரசிக்கு மிகவும் மகிழ்ச்சி என்று அரச கப்பலிலிருந்து கொடிச் செய்தி வந்தது. காப்டனுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் சொற்களைப் பித்தளையில் பொறித்துச் சுக்கான் சக்கரத்தில் பதித்து வைத்தார்.

குறைகள் இல்லாமல் இல்லை. நீளம் அதிகமானதால் திரும்புவதற்குச் சிரமப்பட்டது. முன்னும் பின்னும் கவசமில்லை. சுக்கான் பொறியே பாதுகாப்பில்லாமல் இருந்தது. பின்புறமாகக் குண்டு அடைக்கும் புதுவகை ஆம்ஸ்டிராங் பீரங்கிகள் சுடும்போது அடைப்பு பிய்த்துக்கொண்டு பின்னால் இருப்பவர்களைத் தாக்கும் ஆபத்து இருந்ததால், சில ஆண்டுகளிலேயே அவற்றை எடுத்துவிட வேண்டியதாயிற்று. 1868 ஆகஸ்டில் ராயல் ஓக் என்ற சொந்தக் கடற்படைக் கப்பலோடேயே மோதி முன்முகச் சிலையை இழந்தது.

ஆனால் வாரியரை வீழ்த்தியது இவை எதுவுமல்ல. காலம்தான். வாரியரைப் பார்த்து எல்லா நாடும் இரும்புக் கப்பல் கட்டத் தொடங்க, கவசம் கனத்தது, அதைத் துளைக்கப் பீரங்கி பெருத்தது, அதைத் தடுக்கக் கவசம் இன்னும் கனத்தது. 1873இல் டெவஸ்டேஷன் என்ற கப்பல் பாய்மரமே இல்லாமல், சுழலும் கோபுரத்தில் பீரங்கி வைத்துக்கொண்டு வந்து நின்றது. அதன் பக்கத்தில் வாரியர் பாட்டன் மாதிரி ஆகிவிட்டது. வயது என்னவோ 12தான்!

வேலை மட்டும் ஓயவில்லை. 1869 ஜூலையில், மிதக்கும் கப்பல் பழுதுபார்ப்புத் துறை ஒன்றை மதேராத் தீவிலிருந்து பெர்முடாத் தீவுக்கு, 2,700 கடல்மைல், அட்லாண்டிக் சமுத்திரத்தின் குறுக்கே, தன் தங்கைக் கப்பலான பிளாக் பிரின்ஸோடு சேர்ந்து இழுத்துக்கொண்டு போயிற்று. உலகத்தின் முதல் தரப் போர்க்கப்பலுக்கு இழுவை மாட்டு வேலை. பிறகு கரையோரக் காவல். 1883இல் பாய்மரங்கள் உளுத்துப் போயிருப்பதைக் கண்டு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அதோடு கடற்பயணம் முடிந்தது. 22 ஆண்டுகளில் கோபத்தோடு ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

இங்கேதான் அந்தப் பையனுக்குச் சொல்ல வேண்டிய முதல் பதில். நம் தோட்டத்து ஜாகாக்காரரை நினைத்துப் பாருங்கள். முப்பது வருடம் இரவு கண்விழித்தார். ஒரு திருடனையும் பிடித்ததில்லை. வேலை செய்யவில்லை என்று சொல்வோமா? அவர் விளக்கைப் பார்த்துத்தானே திருடன் வரவில்லை! வாரியர் கடலில் நின்றபோது பிரெஞ்சுக்காரர்கள் வரவில்லை. கடற்படை அதிகாரிகளும் வாரியரைக் கட்டியது அதற்காகவே.

கப்பல் போய் ஜெட்டி ஆனது

1900இல் போர்க்கப்பல் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள். 1904இல் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் இருந்த டார்பிடோப் பயிற்சிப் பள்ளிக்குக் கொடுத்து, பெயரையும் 'வெர்னன் மூன்று' என்று மாற்றினார்கள். மேலே கூரை போட்டு வகுப்பறைகள். கம்பியில்லாத் தந்தி கற்றுக்கொடுத்தார்கள். பக்கத்தில் நின்ற மற்றப் பழைய கப்பல்களுக்கு நீராவியும் மின்சாரமும் கொடுக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. ஒருகாலத்துப் போர்வீரன் பள்ளிக்கூடமும் ஆனான், கொதிகலன் கொட்டகையும் ஆனான். பள்ளிக்கூடம் ஆனதில் எனக்கு வருத்தமில்லை.

அதே 1904இல்தான், வாரியரில் பீரங்கி அதிகாரியாக இருந்த ஜான் ஃபிஷர் கடற்படையின் தலைமைப் பதவிக்கு வந்தார். 1906இல் டிரெட்நாட் என்ற கப்பலை வெளியிட்டார். அது வந்த நாளிலேயே உலகத்தின் மற்ற எல்லாப் போர்க்கப்பல்களும் பழையதாகிவிட்டன. வாரியருக்கு நேர்ந்ததை அவர் மற்றவற்றுக்குச் செய்தார்.

1925இல் வாரியர் விற்பனைக்கு வந்தது. பழைய இரும்புக்கு அப்போது விலையில்லை. வாங்க ஆள் வரவில்லை. அந்த விலைவீழ்ச்சி மட்டும் இல்லாதிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. தங்கை பிளாக் பிரின்ஸை அதற்கு இரண்டு ஆண்டு முன்பே உடைத்தாகிவிட்டது. யாரும் வாங்காத கப்பலை என்ன செய்வது? மேல்தளத்தில் கான்கிரீட் கொட்டி மூடி, 1929 மார்ச்சில் வேல்ஸ் நாட்டில் பெம்புரோக் டாக் என்னும் ஊருக்கு இழுத்துப் போனார்கள். கரையோரம் நிறுத்தி, மேலே எண்ணெய்க் குழாய்களைப் பதித்தார்கள். மற்றக் கப்பல்கள் வந்து அதன் ஓரத்தில் கட்டிக்கொண்டு எண்ணெய் பிடித்துப் போகும். அதாவது, அது இப்போது கப்பல் அல்ல; ஜெட்டி.

ஏறக்குறைய 50 ஆண்டுகள் இந்த வேலை. சுமார் 5,000 கப்பல்களுக்கு எண்ணெய் கொடுத்தது. காவலர் ஒருவர் குடும்பத்தோடு அதிலேயே குடியிருந்தார். காப்டன் நடந்த இடத்தில் துணி காய்ந்திருக்கும், பிள்ளைகள் ஓடியிருக்கும். 1940 ஆகஸ்டில் ஜெர்மானிய விமானங்கள் அந்த ஊரின் எண்ணெய்த் தாங்கிகள் மீது குண்டு போட, தீ 18 நாள் எரிந்தது. அணைக்க வந்த தீயணைப்பு வீரர்கள் 5 பேர் இறந்தார்கள். வாரியர் தப்பியது.

1942இல் அதனிடம் மிஞ்சியிருந்த ஒன்றையும் பிடுங்கினார்கள். புதிதாகக் கட்டும் விமானந்தாங்கிக் கப்பலுக்கு 'வாரியர்' என்ற பெயர் வேண்டுமாம். பழையதற்கு ஓர் எண்: எண்ணெய்க் கலம் சி 77. பெரட்டுக்களத்தில் பெயருக்குப் பதிலாக எண்ணைச் சொல்லிக் கூப்பிட்ட காலத்தை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். படிக்கும்போது அதுதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1861க்கும் 1877க்கும் இடையில் பிரிட்டன் கட்டிய அந்தக் கவசக் கப்பல்கள் 45. பெருமையோடு ஓய்வு பெற்றவை எல்லாம் உடைபட்டு, உருகி, தண்டவாளமாகவும் தகரமாகவும் போயின. எண்ணெய்க் கறையோடு எண்ணாகிக் கிடந்த இது ஒன்றுதான் மிஞ்சியது. வேலைக்கு வேண்டியிருந்ததால் யாரும் உடைக்கவில்லை. வேலை செய்ய வேண்டுமே என்று அவ்வப்போது பழுதும் பார்த்தார்கள்.

ஹார்ட்டில்பூல் ஊரார்

1978இல் எண்ணெய்க் கிடங்கு மூடப்பட்டது. சர் ஜான் ஸ்மித் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் போன்ற சிலர் பல ஆண்டுகளாகவே இந்தக் கப்பலைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசி வந்தார்கள். 1979இல் கடற்படை அதை அறக்கட்டளை ஒன்றுக்குக் கொடுத்தது. செப்டம்பர் தொடக்கத்தில், இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரின் பழைய நிலக்கரித் துறைக்கு இழுத்து வந்தார்கள்.

ஏன் அந்த ஊர்? அது கப்பல் கட்டிய ஊர். 1960களின் தொடக்கத்தில் அங்கிருந்த கடைசிக் கப்பல் பட்டறையும் மூடப்பட்டது. அடுத்து எஃகு ஆலைகள் ஆட்களைக் குறைத்தன. கொல்லர், தச்சர், பற்றவைப்போர், கயிறு முறுக்குவோர் எல்லாம் கையில் தொழிலை வைத்துக்கொண்டு வேலையில்லாமல் நின்றார்கள். தோட்டம் விற்றுப்போய், மேம்பாட்டுக்காரர் வந்து, நாற்பது வருடம் மரம் சீவிய கைக்கு இனி இங்கே வேலையில்லை என்று சொல்லப்பட்ட குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! அந்த ஊராரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நமக்குத் தெரியும்.

அந்தக் கைகளுக்குத்தான் இந்த வேலை வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள். முதலில் கான்கிரீட்டை உடைத்தார்கள். டன் டன்னாகக் குப்பையை அள்ளினார்கள். அடியில் இரும்புடல் கெட்டியாகவே இருந்தது. தேம்ஸ் கரைப் பட்டறைக்காரர் நட்டத்தில் செய்தாலும் நயத்தோடு செய்திருந்தார்கள்! ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. இயந்திரம் இல்லை, பீரங்கி இல்லை, பாய்மரம் இல்லை. பழைய வரைபடங்களையும் நிழற்படங்களையும் குறிப்பேடுகளையும் தேடித் தேடி ஒவ்வொன்றாகச் செய்தார்கள். பழைய பீரங்கிகள் சிலவற்றை இரவல் வாங்கி அச்செடுத்துக் கண்ணாடி நாரில் வார்த்தார்கள். அவ்வளவு பெரிய பாய்மரத்துக்கு மரமே உலகத்தில் கிடைக்காததால் எஃகுக் குழாயில் செய்தார்கள். இயந்திரமும் கொதிகலனும் மாதிரிகள்தான்; ஓடாது. முன்முகச் சிலையை இரண்டு சிற்பிகள் புதிதாகச் செதுக்கினார்கள். 1982இல் லண்டனில் நடந்த படகுக் கண்காட்சியில் அதை வைத்து மக்களுக்குக் காட்டினார்கள்.

எட்டு ஆண்டுகள் ஆயின. பல லட்சம் பவுன் செலவாயிற்று. 1987 ஜூன் 12ஆம் நாள் வாரியர் ஹார்ட்டில்பூலை விட்டுப் புறப்பட்டது. 16ஆம் நாள் போர்ட்ஸ்மத்தில் நுழைந்தபோது கரையெங்கும் ஆயிரக்கணக்கில் மக்கள், கடலெங்கும் சிறு படகுகள். பெயரையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. நெல்சனின் விக்டரி கப்பலுக்குப் பக்கத்தில் இன்று அது நிற்கிறது. சீட்டு வாங்கினால் நீங்களும் ஏறிப் பார்க்கலாம். அடித்தளத்தில் நிலக்கரி அள்ளிய இடத்தையும் மறைக்காமல் காட்டுகிறார்கள்.

சரி, கப்பல் போய்விட்டதே, ஹார்ட்டில்பூல் ஆட்கள் என்ன ஆனார்கள்? அவர்கள் கைத்திறனைப் பார்த்துவிட்டு, அதே 1987இல் இன்னொரு பழைய கப்பலை அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். வாரியரில் வேலை பழகியவர்களில் பலர் அதிலும் வேலை செய்தார்கள். 2001இல் முடித்தார்கள். அந்தக் கப்பல் அந்த ஊரிலேயே நிற்கிறது. அதைப் பார்க்க இப்போது வெளியூரார் வருகிறார்கள். 1817இல் பம்பாயில், வாடியா என்ற பார்சிக் குடும்பத்தாரின் கையால், முழுக்க முழுக்கத் தேக்கு மரத்தில் கட்டியது. பெயர் எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. ஆங்கிலேயர் வாயில் அப்படி ஆகிவிட்டது, நம்முடைய திருகோணமலைதான்!

வாரியர் படத்துக்குப் பக்கத்தில் ஒட்ட அந்தத் திருகோணமலைக் கப்பலின் படம் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாரிடமாவது பழைய நாட்காட்டியிலோ பத்திரிகையிலோ இருந்தால், கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.